திருவண்ணாமலைக் கார்த்திகை தீபம்: தோற்றமும் தொன்மமும்

திருவண்ணாமலைக் கார்த்திகை தீபம் என்பது கார்த்திகை மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் கூடும் நாளன்று 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்தைக் குறிக்கும். அதையொட்டி அருணாசலேசுவரர் கோயிலில் நடைபெறும் பத்து நாள் பெருவிழாவும் இப்பெயராலேயே வழங்குகிறது. ஆங்கில நாட்காட்டியில் இது நவம்பர் நடுப்பகுதிக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். தமிழகமெங்கும் வீட்டு வாசலில் அகல் ஏற்றும் நாள்தான் இது. ஆனால் திருவண்ணாமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மலையில் சுடர் தெரிந்த பிறகே வீட்டு விளக்கு எரியும். விரதம் இருப்பவர்கள் அதன்பிறகே உண்பார்கள்.

ஐம்பூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்குரியது. காஞ்சிபுரம் நிலம், திருவானைக்கா நீர், காளத்தி காற்று, தில்லை வெளி. மற்ற நான்கிலும் பூதத்தைக் கருவறைக்குள் தேடவேண்டும். இங்கே கோயிலுக்கு வெளியே, ஊருக்கே முதுகு கொடுத்து நிற்கும் மலைதான் மூலமூர்த்தி என்பது சைவர் நம்பிக்கை. ஏறத்தாழ 25 ஏக்கர் கோயிலையும் கிருஷ்ணதேவராயர் தொடங்கிச் செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரத்தையும் அந்த நம்பிக்கையின் நிழலில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

புராணம் சொல்லும் தோற்றம்

பிரமனும் திருமாலும் தங்களுள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது, இருவருக்கும் நடுவே அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றார். திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து போனார். பிரமன் அன்னமாகி மேலே பறந்தார். திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமனோ, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வந்தார். பிரமனுக்குத் தனிக்கோயில் அரிதாக இருப்பதற்கும் சிவபூசையில் தாழம்பூ சேராததற்கும் இந்தக் கதையே காரணமாகச் சொல்லப்படுகிறது. லிங்கோற்பவர் என்ற பெயரில் சிவாலயக் கருவறையின் பின்சுவரில் காணப்படும் சிற்பமும் இதுதான்.

பல புராணங்களில் வரும் இந்தக் கதையை இந்த ஊரோடு பிணைப்பது வடமொழிக் கந்தபுராணத்தில் அடங்கிய அருணாசல மாகாத்மியம். சைவ எல்லப்ப நாவலர் தமிழில் பாடிய அருணாசல புராணம் அதன் வழிவந்தது. நெருப்பின் வெம்மை தாங்காத தேவர்களின் வேண்டுதலுக்கு இரங்கி அந்தத் தூண் குளிர்ந்து மலையாயிற்று; ஆண்டுக்கொருமுறை கார்த்திகையில் அதன் உச்சியில் சுடராகத் தெரிவேன் என்று இறைவன் வாக்களித்தார் என்பது தலபுராணம். கிருத யுகத்தில் அக்கினியாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபரத்தில் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் மலை இருப்பதாக ஐதிகம்.

உமையின் கதை இன்னொன்று. விளையாட்டாகக் கணவனின் கண்களை அவள் பொத்த, உலகம் இருண்டது. அந்தப் பிழை தீரக் காஞ்சியில் தவமிருந்து, பின் அண்ணாமலைக்கு வந்து பவளக்குன்றில் கௌதம முனிவரின் துணையோடு தவத்தைத் தொடர்ந்தாள். மகிடாசுரனைத் துர்க்கை வென்றதும் இங்கேதான் என்பர். கார்த்திகைத் திருநாளில் மலைமேல் ஒளி தோன்றியது. சிவன் தன் இடப்பாகத்தை அவளுக்குத் தந்தார். லிங்கோற்பவக் கதை அளவுக்கு இது பேசப்படுவதில்லை. எனினும் விழாவின் உச்சக் கணத்தை வடிவமைத்தது இந்தக் கதைதான் என்பது கீழே விளங்கும்.

கதைக்கு முந்திய விளக்கு

கார்த்திகை விளக்கைப் பற்றிய பழைய தமிழ்ச் சான்றுகளில் சிவனும் இல்லை, நெருப்புத் தூணும் இல்லை. அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர், முழுமதி அறுமீனோடு, அதாவது கார்த்திகை விண்மீன் கூட்டத்தோடு, கூடிய இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு மூதூர் கொண்டாடிய விழாவைக் காட்டுகிறார். நற்றிணை 202இல் பாலை பாடிய பெருங்கடுங்கோ, பூத்துக் கிடக்கும் கோங்கக் காட்டுக்குக் கார்த்திகை மாத விளக்கு வரிசையை உவமை சொல்லி, அந்த மாதத்தை அறம் செய்யும் மாதம் என்கிறார். களவழி நாற்பது போர்க்களக் காட்சிக்கே இந்த விளக்கை உவமையாக்குகிறது. மக்களுக்கு நன்றாகப் பழகிய வழக்கமாக இருந்தால்தான் புலவன் கை அங்கே போகும்.

குன்றின்மேல் விளக்கு என்ற செய்தி சீவக சிந்தாமணியில் கிடைக்கிறது. அது சமண முனிவரான திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம். அங்கும் அது உவமைதான், எந்த மலை என்ற குறிப்பில்லை. திருஞானசம்பந்தர் மயிலைப் பதிகத்தில் இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை உயிர்த்தெழ அழைக்கும்போது அவள் காணாமல் போகக்கூடாத விழாக்களுள் கார்த்திகை விளக்கீட்டையும் சேர்க்கிறார். அதையும் பழைய விழாவாகவே குறிப்பிடுகிறார்.

ஆகவே விளக்கு முந்தியது, தலக்கதை அதில் வந்து குடியேறியது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருத்தம். பக்தர்கள் இதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்கு விளக்கைவிட மலை மூத்தது. மலையைவிட, மலையாகக் குளிர்ந்த நெருப்பு மூத்தது. வரலாற்றாசிரியரின் காலக்கணக்கும் தலபுராணத்தின் யுகக்கணக்கும் ஒரே கேள்விக்கு விடை தேடவில்லை.

இதே நாளை மற்றச் சமயப் பிரிவினர் வேறு கதையோடு கொண்டாடுவதும் இந்த முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. வைணவர்களுக்குக் காஞ்சித் தூப்புல்லில் திருமால் விளக்கொளிப் பெருமாளாக நின்று பிரமனின் வேள்விக்கு இருள் நீக்கிய கதை உண்டு. பஞ்சாங்கம் பெருமாள் கோயில்களுக்குப் பாஞ்சராத்திர தீபம், சிவாலயங்களுக்குச் சர்வாலய தீபம் என்று பிரித்தே குறிக்கும். முருக பக்தர்களுக்கோ அது ஆறு கார்த்திகைப் பெண்களின் நாள்.

பத்து நாளும் பத்தாம் நாளும்

எல்லைக் காவல் தெய்வங்களுக்கே முதல் மரியாதை. துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் உற்சவங்கள் மூன்று நாள் முடிந்த பிறகே கோயிலில் கொடியேற்றம். தொடர்ந்து காலையும் இரவும் பஞ்சமூர்த்திகள் மாடவீதி உலா வருவார்கள். ஐந்தாம் நாள் வெள்ளி ரிஷப வாகனம், ஆறாம் நாள் வெள்ளித்தேர், ஏழாம் நாள் மகா தேரோட்டம். மகா தேரன்று ஐந்து தேர்களும் அடுத்தடுத்து வடம்பிடிக்கப்பட்டு நிலைக்கு வர நள்ளிரவாகும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பது வழக்கம்.

பத்தாம் நாள் விடியற்காலை 4 மணியளவில் கருவறை முன் பரணி தீபம். ஒரு சுடரிலிருந்து ஐந்து சுடர்கள் ஏற்றப்படும். ஒன்றாயிருப்பவன் பலவாகிறான் என்பது இதன் பொருள். மாலையில் மலைமேல் எல்லாம் மீண்டும் ஒரே சுடராகும். மாலை 6 மணியை நெருங்கும்போது பஞ்சமூர்த்திகள் கொடிமரத்துக்கு எதிரே மண்டபத்தில் எழுந்தருளிக் காத்திருக்க, உள்ளிருந்து அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வருவார். ஆண்டு முழுவதும் வெளியே வராத இந்த உற்சவமூர்த்தி காட்சி தருவது ஓரிரு நிமிடங்களே. அந்த நேரத்தில் கொடிமரத்தருகே தீபம் காட்டப்படும். அதுதான் மலைக்கு அடையாளம். உச்சியில் சுடர் எழும். அண்ணாமலையாருக்கு அரோகரா என்ற முழக்கத்தில் ஊர் அதிரும். இடப்பாகம் பெற்ற கதை அந்த ஓரிரு நிமிடங்களில்தான் நடிக்கப்படுகிறது. தொலைக்காட்சி நேரலையில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மலைச்சுடரை எதிர்பார்த்தே இருப்பதால் இது கண்ணில் படாமல் போய்விடும்.

மலைக் கொப்பரை ஏறத்தாழ ஆளுயரம். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் மிக நீண்ட காடாத் துணித் திரியும் பயன்படுத்தப்படுகின்றன. நெய் பெரும்பாலும் பக்தர்களின் காணிக்கை. கொப்பரையும் நெய்யும் தோள்சுமையாகவே மேலே போகின்றன. தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தினருக்கு உரியது. மீன்பிடித் தொழில் மரபில் வந்த இவர்கள், பார்வதியை மகளாகப் பெற்ற பர்வதராஜனின் வழியினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். மகளின் வீட்டுக்குப் பிறந்தகத்தார் விளக்கேற்றப் போகும் முறையாக இதைப் பார்த்தால், ஆகமம் பேசும் பெருங்கோயிலின் உச்சச் சடங்கு மீனவ மரபினர் கையில் இருப்பதில் வியப்பில்லை.

சுடர் 11 நாள் எரியும். நாள்தோறும் நெய் வார்த்துத் திரி சரிசெய்ய ஆட்கள் மேலேயே தங்குவார்கள். பின்னர் கொப்பரை கீழே வரும். அதில் படிந்த மை மார்கழித் திருவாதிரையன்று நடராசருக்குச் சாத்தப்பட்டு, அதன்பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகும். இடையில் ஐயங்குளத்தில் தெப்பல் நடக்கும். அண்ணாமலையார் தாமே 14 கிலோமீட்டர் கிரிவலம் போவதும் இந்த நாட்களில்தான். அவர் இன்னொருமுறை கிரிவலம் வருவது தை மாதத் திருவூடலின்போது.

கரும்புத் தொட்டிலும் மாவலியும்

திருவிழாவில் மாடவீதியில் பரவலாகக் காணப்படும் நேர்த்திக்கடன் கரும்புத் தொட்டில். முழுக்கரும்புகளில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையை அதில் இட்டுத் தாய் தகப்பன் சுமந்து வருவார்கள். பிள்ளைவரம் கிடைத்ததற்கான நன்றி இது. இதற்குப் பின்னால் மக்கள் சொல்வது வல்லாள மகாராசன் கதை. போசள அரசர் மூன்றாம் வீரவல்லாளர் 14ஆம் நூற்றாண்டில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்தவர். கோயிலின் ஒரு கோபுரம் அவர் பெயரால் நிற்கிறது. பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்பது கதை. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் இறைவன் அவருக்கு மகன் முறையில் நீர்க்கடன் செய்வது இன்றும் நடக்கிறது. இறந்த அரசனுக்குத் தெய்வம் திதி கொடுக்கும் சடங்கை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

ஊரகத்தில் கார்த்திகையை அடையாளப்படுத்துவது சொக்கப்பனையும் மாவலியும். பனைமரத்தை நட்டு ஓலையும் வைக்கோலும் போர்த்திக் கோயில் முன் கொளுத்துவது சொக்கப்பனை. சிவாலயங்களைப் போலவே பெருமாள் கோயில்களிலும் இது உண்டு. அதன் சாம்பலை எடுத்து வயலில் தூவுவார்கள். மாவலி சிறுவர்களுடையது: பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி இடித்து, துணியில் பொதிந்து, பனைமட்டை நடுவே கட்டி, கனலேற்றித் தலைக்குமேல் சுழற்றினால் பொறிகள் குடையாக விரியும். பெயருக்குக் காரணமாக மகாபலிச் சக்கரவர்த்தியின் கதை சொல்லப்படும். வேதாரணியத்தில் அணையப்போன கோயில் விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலியே மறுபிறவியில் மகாபலி ஆனது என்ற தலக்கதையும் இதோடு ஒட்டிக்கொள்கிறது. வெல்லப்பாகில் பிடித்த பொரியுருண்டை இல்லாமல் கார்த்திகை இல்லை. பனையும் நெல்லும் சேர்ந்த இந்த வழக்கங்களைச் சமயநூல்கள் பிற்பாடு விளக்க முயன்றிருக்கின்றன. அவற்றைத் தோற்றுவித்தவை அந்த நூல்கள் அல்ல.

சமயப் பொருள்

கார்த்திகை விளக்கேற்றும்போது சொல்லவேண்டிய வடமொழிச் சுலோகம் ஒன்றைக் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி தம் உரைகளில் எடுத்துக்காட்டுவார். புழு, பறவை, கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் உலவும் உயிர்கள் என எது இந்த ஒளியைக் கண்டாலும் அதற்குப் பிறவி நீங்கட்டும் என்பது அதன் கருத்து. காண்பவரின் தகுதியையோ குலத்தையோ அது கேட்பதில்லை. உயரத்தில் ஏற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் சொல்ல முடியாது.

1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்து 1950 வரை வாழ்ந்த ரமண மகரிஷி வேறு திசையில் விளக்கினார். உடலே நான் என்னும் எண்ணத்தை அழித்து, மனத்தை இதயத்தில் ஒடுக்கி, இரண்டற்ற தன்னொளியைக் காண்பதே தீப தரிசனம் என்பது அவர் இயற்றிய ஒரு பாடலின் சாரம். புராணத்தின் அடிமுடி தேடலையும் அவர் வழிவந்தோர் அவ்வாறே அகத்துக்குத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அயர்லாந்தின் குன்றுத் தீ

மலையில் ஒரு தீ, அதன்பின் வீடுதோறும் தீ என்ற அமைப்பு வேறு நாடுகளிலும் உண்டு. அயர்லாந்தில் அக்டோபர் 31 இரவில் தொடங்கும் சௌவின் விழாவின்போது, மீத் வட்டாரத்து வார்டு குன்றில் துருயிதர் என்னும் பூசாரிகள் மூட்டிய தீயிலிருந்தே நாட்டின் அடுப்புகளெல்லாம் மீண்டும் பற்றவைக்கப்பட்டன என்று 17ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஜெஃப்ரி கீட்டிங் எழுதினார்.  அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக், அரசனின் தீக்கு முன் வேறு தீ எரியக்கூடாத இரவில் சிலேன் குன்றில் ஈஸ்டர் தீ மூட்டி மன்னனை எதிர்த்தார் என்பது 7ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாறு. யார் பெரியவர் என்ற வழக்கைத் தீர்க்க நெருப்பே வருகிறது. அந்த அளவில் அது லிங்கோற்பவக் கதைக்கு உறவு. அங்கே புதிய சமயம் பழைய தீயை அணைத்ததாகக் கதை முடிகிறது. இங்கே பழைய விளக்குக்குப் புதிய கதை கிடைத்தது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு தேடுவது வீண்.

அண்மைக்காலம்

விழாவுக்கு வரும் கூட்டம் பல லட்சம். அதையொட்டிக் கூடும் மாட்டுச்சந்தையும் பெயர்பெற்றது. 2020இல் கொரோனா தொற்றுக் காலத்தில் பக்தர்கள் இன்றியே தீபம் ஏற்றப்பட்டது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவின் பாறையும் மண்ணும் அடிவாரக் குடியிருப்பில் சரிந்து ஏழு பேர் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13இல் மகாதீபம் ஏற்றப்பட்டபோது, மண் இன்னும் இளகியிருந்ததால் பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் சுமப்போரும் திருப்பணியாளர்களும் மட்டுமே மேலே சென்றனர்.