பயங்கரவாதம்: சட்டம் வகுத்த வரைவிலக்கணம்

ஒன்றுக்கு வரைவிலக்கணம் கூறுங்கால் அதற்குரியவை யாவும் உள்ளே அடங்க வேண்டும். உரியதல்லாத எதுவும் உள்ளே புகலாகாது. மத்ரஸாவில் மன்திக் பாடத்தின் தொடக்கத்திலேயே இதனை ஓதித் தருவார்கள். நம் நாட்டுச் சட்டம் பயங்கரவாதம் என்னும் சொல்லுக்கு வகுத்த இலக்கணத்தை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்த்தல் ஜமாஅத்தார் அனைவருக்கும் பயனுடையதாகும்.

1985 மே மாதம் டெல்லியிலும் அண்டை மாநிலங்களிலும் டிரான்சிஸ்டர்களில் மறைத்து வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். அம்மாதமே தடாச் சட்டம் பிறந்தது. ஈராண்டுக்கென வந்த சட்டம் 1987-இல் புதிதாக இயற்றப்பட்டு, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 1995 மே மாதம் காலாவதியாயிற்று. அரசை மிரட்டும், அல்லது மக்களை அச்சுறுத்தும் நோக்குடன் குண்டு, துப்பாக்கி முதலியவற்றால் செய்யப்படும் செயல் பயங்கரவாதம் என்பது அதன் சாரம். ‘நோக்குடன்’ என்பதே அதில் உயிர்ச்சொல். ஆனால் அந்நோக்கம் இருந்ததா என நீதிமன்றம் முடிவு செய்யப் பல்லாண்டுகள் ஆகும். ஜாமீன் மறுப்போ கைதான அன்றே தொடங்கிவிடும். காவல்துறைக் கண்காணிப்பாளரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலமும் சாட்சியமாக ஏற்கப்பட்டது. பொதுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. எனினும் 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலையை எவரும் நியாயப்படுத்த இயலாது. அவ்வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்காதலின் உயர் நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு தலைவரைக் கொல்வதே அவர்தம் நோக்கம். மக்களை அச்சுறுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆதலின் இது தடாக் குற்றமாகாது என்றது. 19 பேர் விடுதலையாயினர். ஆயின் விந்தை பாரீர்! தடாவின்கீழ் பெற்ற வாக்குமூலங்கள் மட்டும் எஞ்சியோர்க்கு எதிராகச் செல்லுபடியாயின. அவற்றுள் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, பேட்டரி எதற்கெனத் தெரியாது என்று அவர் கூறியதைத் தாம் எழுதாது விட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022-இல்.

2002-இல் வந்த பொடா 2004-இல் நீக்கப்பட்டது. நீங்கியது பெயர்தான், அதன் இலக்கணம் 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் குடியேறிற்று. காவல்துறையிடம் அளிக்கும் வாக்குமூலத்துக்கு மட்டும் அங்கே இடம் தரவில்லை, அது நன்றே. ஆனால் மும்பைத் தாக்குதலையடுத்து 2008 டிசம்பரில் வந்த திருத்தம் ஜாமீனை மீண்டும் அரிதாக்கியது. அச்சுறுத்தும் ‘நோக்குடன்’ என்பதோடு, அச்சுறுத்த ‘ஏதுவான’ என்பதையும் சேர்த்தது. குண்டு, துப்பாக்கி என்னும் பட்டியலின் இறுதியில் ‘வேறெந்த வழியிலும்’ என்றும் எழுதியது. 1999-இல் தடாக் குற்றச்சாட்டை வீழ்த்திய சொல்லுக்கு இவ்வாறு மாற்றுவழி ஒன்று வகுக்கப்பட்டது. 2019 முதல், வழக்கு விசாரணையின்றியே தனிமனிதர் ஒருவரையும் பயங்கரவாதி என அரசு பட்டியலிடலாம். தடாவுக்கும் பொடாவுக்கும் காலக்கெடு இருந்தது. இச்சட்டத்திற்கு அதுவும் இல்லை.