நான்காம் வேற்றுமையும் துருக்கிய உடைமையொட்டும்: கால்டுவெல்லின் ஓர் ஒப்பீடு

இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், 1856இல் வெளியிட்டு 1875இல் விரிவாக்கிய ஒப்பிலக்கணத்தில், தமிழ்க் 'கு' உருபைத் துருக்கிய மொழிகளின் 'கா', 'கெ' உருபுகளோடு இணைத்துப் பார்த்தார். அவ்வொப்புமையை, திராவிட மொழிகளைத் துருக்கியம் முதலியவற்றோடு ஒரே குடும்பமாக்கும் 'சித்திய' உறவுக்கு உறுதியான சான்றாகக் கொள்ளும் போக்கு ஒன்று உண்டு. அப்போக்கு துருக்கியச் சொல்லின் பாதியை மட்டுமே படிக்கிறது என்பது என் கருத்து. கசாக் மொழியில் 'பாலா' என்றால் குழந்தை. குழந்தைக்கு என்பது 'பாலாகா'. 'என் குழந்தை' என்பதற்கு உடைமையொட்டு சேர்ந்து 'பாலாம்' ஆகும். 'என் குழந்தைக்கு' என்னும்போது 'பாலாம்கா' என்று வருவதில்லை. 'பாலாமா' என்றே வருகிறது. ஒப்பீட்டுக்கு உயிரான ககரமே அங்கு இல்லை. உஸ்பெக்கில் உடைமையொட்டுக்குப் பின்னும் ககரம் நிற்கிறதே என்பர். ஆனால் எட்டாம் நூற்றாண்டு ஓர்கோன் துருக்கியக் கல்வெட்டுகளிலேயே தன்மை, முன்னிலை ஒருமை உடைமையொட்டுகளுக்குப் பின் ககரமற்ற வடிவம்தான் காணப்படுகிறது. உஸ்பெக் வழக்கு பின்னாளில் சீராக்கப்பட்டதாகலாம். ஓர்கோன் எழுத்துகளை மொழியறிஞர் தாம்சன் படித்தறிந்தது 1893இல். கால்டுவெல் 1891இலேயே மறைந்துவிட்டார். அவர்மேல் குறை இல்லை. பின்வந்தோருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தமிழில் 'கு' எந்த உடைமைப் பொருளாலும் தேய்வதில்லை, ஏனெனில் பெயருக்கும் உருபுக்கும் இடையே உடையவரைச் சுட்டும் ஒட்டுக்கு இடமே இல்லை. உடையவரைச் சுட்டும் உறுப்பு பெயரோடு ஒன்றிய இடங்களில்கூட அது முன்னால்தான் நின்றது: எந்தை, நுந்தை, தந்தை, எம்பி, உம்பி, தம்பி. இன்று நெல்லை வண்ணார்பேட்டையில் 'எங்கய்யா ஆத்துக்குப் போயிருக்காவ' என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு தொடரே அமைப்பு முழுவதையும் காட்டிவிடும். உடையவர் அய்யாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கிறார். ஆறு என்பது 'ஆற்று' எனத் திரிந்து, பேச்சில் 'ஆத்து' ஆகி, பிறகே 'கு' ஏற்கிறது. பாலத்துக்கு என்பதில் அத்துச் சாரியை வருகிறது. இத்திரிபைத் தீர்மானிப்பது பெயரின் வடிவம். உடையவர் தன்மையா படர்க்கையா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்சாரியையைத் துருக்கியத்தில் உருபுக்கு முன் தோன்றும் னகரத்தோடு சேர்ப்பது சற்று வலுவான மறுப்பு. கசாக்கில் 'அவர் குழந்தைக்கு' என்பது 'பாலாசினா'; அதிலுள்ள னகரம் நம் 'இன்'னை நினைவூட்டுவது உண்மை. ஆயினும் அந்த னகரம் படர்க்கை உடைமையொட்டையும் சில பிரதிப்பெயர்களையும் அடுத்தே வரும். வெறும் 'பாலா'வை அடுத்து வராது. தமிழில் நிலைமை நேர்மாறு: 'மரத்தின்' என்பதில் மரம் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. வருமிடம் வேறாக இருக்க, ஒலி மட்டும் ஒத்தால் அதை எச்சமென்று கொள்ள இயலாது.

திராவிட மொழியான பிராகுயியில் பெயரின் பின் உடைமையொட்டு வருகிறதே என்பது பெரிய தடையன்று; பலூச்சி முதலிய ஈரானிய மொழிகளின் நெடிய அண்மை அதற்குப் போதிய விளக்கம். இரு குடும்பங்களுக்கும் தொல்பழங்காலத்தில் தொடர்பே இருந்திருக்க முடியாது என்று நான் வாதிடவில்லை. அப்படியொரு தொடர்பை நிறுவ முனைவோர் 'பாலாகா'வை மட்டும் காட்டாமல், 'பாலாமா'வில் ககரம் ஏன் இல்லை என்பதையும், அதற்கு இணையான வடிவம் எந்தத் திராவிட மொழியில் உள்ளது என்பதையும் காட்ட வேண்டும்.