தருமபுரம், தீபங்குடி, அமண்குடி: ஊர்ப்பெயர்கள் எழுத்து மாறிய வரலாறு

காரைக்கால் நகரை ஒட்டி மேற்கே, திருநள்ளாறு செல்லும் வழியில் தருமபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. யாழ்மூரிநாதர் கோயில் இவ்வூரின் அடையாளம். ஆயினும் வெளியூரில் ஒருவரிடம் 'தருமபுரம்' என்று சொன்னால் அவர் இந்த ஊரை நினைப்பது அரிது. சைவ அன்பராயின் மயிலாடுதுறையை அடுத்த தருமபுர ஆதீனத்தை நினைப்பார். மற்றவராயின் 'தருமபுரிதானே? சேலத்துக்கு அப்பால்' என்பார். உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட முகவரி இக்குழப்பத்தை மேலும் வளர்க்கும். ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ காவிரியின் கடைமடைக்கு வரவேண்டிய மடல் அதியமான் ஆண்ட நாட்டுக்குப் போய்விடும்.

இதனை நகைப்புக்குரிய சிறு செய்தியாகக் கடந்துவிடலாம். ஆனால் கல்வெட்டையும் ஊர்ப்பெயரையும் கொண்டே தம் பழமையை நிறுவ வேண்டிய நிலையிலுள்ள நம் போன்ற சிறு சமூகத்துக்கு, ஊர்ப்பெயரில் ஓரெழுத்து பிறழ்வது சிறு செய்தியன்று. சோழ நாட்டில் சிராவகர் இல்லங்கள் எஞ்சியுள்ள ஊர்கள் மிகச் சிலவே. எஞ்சாத ஊர்களில் நம்மவர் வாழ்ந்தமைக்குப் பல இடங்களில் பெயர் ஒன்றே சாட்சி.

பெயர் எவ்வாறு பிறழ்கிறது என்பதைக் காணக் காரைக்கால் பகுதியைப்போல் வாய்ப்பான இடம் வேறில்லை. 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் இதனைப் பெற்றனர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. இடைப்பட்ட இருநூறாண்டு ஆவணங்களில் நம் ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சு நாவுக்கு ஏற்ப வளைந்தன. காரைக்கால் 'கரிகால்' ஆயிற்று. கோட்டுச்சேரி 'கொச்சேரி' ஆயிற்று. நெடுங்காடு 'நெதுங்காது' ஆயிற்று. டகரம் இல்லாத நாவில் காடு காதாகிவிட்டது! திருநள்ளாறு பட்ட பாடு இன்னும் பெரிது. திருவும் நள்ளும் ஆறும் ஒன்றாய் நசுங்கி 'திர்னுலார்' என்று பதிவேட்டில் ஏறின. திருமலைராயன்பட்டினமோ பெயரையே இழந்து 'கிராந்த் அல்தே', அதாவது 'பெரிய சிற்றூர்', என்று அழைக்கப்பட்டது. அல்தே என்பதுகூடப் பிரெஞ்சுச் சொல்லன்று. அவர்களுக்கு முன் இக்கரைக்கு வந்த போர்த்துகீசியரின் சொல். காளமேகப் புலவர் சினந்து மண்மாரி பொழியப் பாடினார் என்று கதை வழங்கும் ஊருக்கு நேர்ந்தது இது. அந்நியரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. இன்று நாமே அதனை 'டி.ஆர். பட்டினம்' என்று சுருக்கித் திருமலைராயனை இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குள் அடைத்துவிட்டோம்.

அயலார் நாவில் பெயர் சிதைவது இயல்பு. நாமும் அவர்கள் ஊர்களைச் சிதைத்தே சொல்கிறோம். தீங்கு விளைவது அதற்கு அடுத்த படியில். சிதைந்த வடிவம் எழுத்தில் நிலைத்து, பின்னர் வருவோர் அதனைப் படித்து அதற்கொரு பொருளும் கற்பிக்கும்போதுதான் வரலாறு புரள்கிறது. 'கரிகால்' என்ற வடிவத்தைக் கண்டவர்கள் கரிகாற் சோழனுக்கும் இவ்வூருக்கும் உறவு தேடினர். ஆங்கிலேயர் தொகுத்த இம்பீரியல் கெசட்டியர் இப்பெயருக்கு 'மீன் செல்லும் வழி' என்று பொருள் கூறியது. 'கால்' என்பது வாய்க்கால் என்ற அளவில் ஐயமில்லை. காரை என்பது செடியா, மீனா, சுண்ணக்காரையா என்று வழக்காடலாம். ஆனால் அவ்வழக்குக்கே 'காரை' என்ற நெடில் வேண்டும். குறிலாக்கி எழுதிய அன்றே வழக்கு முடிந்துவிடுகிறது. திருநள்ளாறும் அவ்வாறே. நள் என்றால் நடு; ஆறுகளுக்கு நடுவே அமைந்த ஊர் என்பது பெயரின் நேர்ப்பொருள். உரோமன் வடிவத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வந்தபோது சிலர் கையில் அது 'திருநள்ளார்' ஆகி ஆற்றை இழந்தது.

இங்கே நம் சமூகத்தார்க்கு ஒரு செய்தியைக் கூசாமல் சொல்ல வேண்டும். பிறர் செய்யும் பிழையை நாமும் ஆர்வத்தால் செய்வதுண்டு. தருமபுரம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் ஒருவருக்கு அறவாழியும், பதினைந்தாம் தீர்த்தங்கரரான தருமநாதரும் நினைவுக்கு வருவது இயற்கை. 'இது பழைய சமண ஊராக இருக்குமோ' என்று தொடங்கும் பேச்சு, இரண்டு தலைமுறையில் 'சமண ஊரே' என்று முடியும். ஆனால் தருமபுரத்தின் தலபுராணம் கூறுவது, தருமராசனாகிய எமன் அங்கு வழிபட்டான் என்பதே. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் அது என்றும், சம்பந்தரின் பதிகத்தை யாழில் இசைக்க இயலாது பாணர் யாழை முறிக்க முற்பட்டது அங்கேதான் என்றும் பெரியபுராணம் கூறும். சைவ மரபில் இத்துணை உறுதியாக வேரூன்றிய ஊரை, 'தருமம்' என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நம்முடையது என்று கோருவது ஆராய்ச்சியாகாது. தருமம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுச்சொல்.

இதற்கு மாறாகத் தருமபுரியைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் இருவர் அங்கு ஜினாலயம் எடுத்ததையும், அதற்கு ஊர் தானமாக விடப்பட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. அக்கல்வெட்டில் ஊரின் பெயர் தருமபுரி அன்று, தகடூர். பெயரில் 'தருமம்' வருவதற்கும் சமணம் அங்கு வாழ்ந்ததற்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் காரைக்காலைச் சூழ்ந்த இக்கடற்கரைச் சோழநாட்டில் சமணத்துக்குச் சான்றே இல்லையோ எனின், உண்டு. எதிர்பாராத இடத்தில் உண்டு. சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடுவது. மதுரையில் அனல்வாதத்தில் எரியாது நின்றதாகப் பெரியபுராணம் போற்றும் ஏடும் திருநள்ளாற்றுப் பதிகமே. திருவாரூரில் குளத்தருகே அமணர் பள்ளிகள் இருந்ததைத் தண்டியடிகள் வரலாறு பகையுணர்வோடேனும் பதிவு செய்கிறது. இவற்றைப் படிக்கையில் நமக்கு வருத்தம் தோன்றலாம். எனினும் இல்லாதவரை எவரும் இத்துணை முனைந்து சாடுவதில்லை. காவிரிப் படுகையில் நம் முன்னோர் ஊர்தோறும் வாழ்ந்தனர் என்பதற்கு அவர்களை ஏற்காதோரின் பாடல்களே சாட்சி பகர்கின்றன.

அவ்வாறு வாழ்ந்தோரின் வழியில் இன்றும் விளக்கெரியும் ஊர்களுள் ஒன்று, அதே திருவாரூர்ப் பகுதியில் உள்ள தீபங்குடி. அங்கு எழுந்தருளியுள்ள ஆதிநாதர், தீபநாயகர் என்ற திருநாமத்தால் வழங்கப்படுகிறார். கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் பிறந்த ஊர் இதுவென்பது மரபு. இத்தகைய ஊரின் பெயரை வெளியூரார் படும் பாடு சொல்லத் தரமன்று. தகரத்தை உரோமனில் இரண்டு எழுத்தாலும், பகரத்தை வல்லோசையாலும் எழுதிவைக்க, அதனைப் படித்தவர் 'தீப்பங்குடி' என்கின்றனர், தீபம் தீப்பற்றிக்கொள்கிறது. கன்னட நாட்டிலிருந்து வரும் யாத்திரிகர் வேறு வகையில் தடுமாறுகின்றனர். அவர்கள் மொழியில் 'குடி' என்றால் கோயில். எனவே 'தீபன்குடி' என்று பிரித்து, அது கோயிலின் பெயர் என்றெண்ணி, 'கோயில் தெரிகிறது, ஊர் எது?' என்று கேட்கின்றனர். தமிழில் குடி என்பது மக்கள் வாழும் இடம். மன்னார்குடி, காரைக்குடி போல இதுவும் ஊரே என்று விளக்கினால் வியக்கின்றனர். அவர்கள் பிழை அன்பினால் நேர்வது. திருத்தினால் மகிழ்ந்து ஏற்கின்றனர்.

நம் குடும்பங்களுக்குள்ளேயே நிகழும் குழப்பம் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. கரந்தை என்றால் எது? தஞ்சையில் ஆதிநாதர் ஆலயம் உள்ள கரந்தையா, செய்யாற்றுப் பக்கம் குந்துநாதர் ஆலயம் உள்ள கரந்தையா? முன்னது கருந்திட்டைக்குடி என்ற பழம்பெயரின் சுருக்கம். பின்னது முனிகிரி என்று போற்றப்பெறுவது, அகளங்கரோடு தொடர்புடைய மரபு கொண்டது. திருமண அழைப்பிதழில் 'கரந்தை' என்று மட்டும் அச்சிட்டால் இன்று பாட்டனார்க்குப் புரியும், பேரனுக்குப் புரியாது. திருமலையும் அப்படித்தான். இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டில் குந்தவை ஜினாலயத்துக்குச் சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி விளக்கெரிக்கக் கொடை அளித்த மலை அது. அம்மன்னனின் வெற்றிகளை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தியோடு அக்கொடை பொறிக்கப்பட்டிருத்தலால் வரலாற்றுலகம் முழுதும் அதனை அறியும். ஆயினும் ஆரணிப் பக்கத்துத் திருமலை என்று விளங்கச் சொல்லாவிடில் கேட்பவர் மனம் நேரே திருப்பதிக்குப் போய்விடுகிறது.

நம் மடத்தின் இருப்பிடமாகிய மேல்சித்தாமூருக்கும் இந்நிலையே. சிற்றாமூர் என்பது பழைய வடிவம். றகர இரட்டை பேச்சில் தகரமாகிச் சித்தாமூர் ஆனது தமிழின் இயல்பான நடை, அதில் குற்றமில்லை. செங்கற்பட்டு மாவட்டத்திலும் ஒரு சித்தாமூர் இருப்பதால் 'மேல்' என்ற அடைமொழியை விடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த அழைப்பிதழ் ஒன்றில் 'சிதமூர்' என்று கண்டேன். உரோமன் எழுத்திலிருந்து அச்சகத்தார் தாமே தமிழாக்கியது போலும். அழைத்தவர் பிழை திருத்தும்போது மணமக்களின் பட்டங்களைச் சரிபார்த்திருக்கிறார், ஊரைப் பார்க்கவில்லை.

இவையெல்லாம் இன்னும் மக்கள் வாழும் ஊர்கள்; கேட்டால் சொல்ல ஆளிருக்கிறார்கள். ஆளில்லாத ஊரின் பெயர் பிறழ்ந்தால் நேர்வது என்ன என்பதற்கு அமண்குடி ஒன்று போதும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை முதலாம் இராசராசன் ஆணைப்படி எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமன் என்னும் மும்முடிசோழப் பிரமமாராயன். அவனுடைய ஊரைக் கல்வெட்டு, உய்யக்கொண்டார் வளநாட்டு வெண்ணாட்டு அமண்குடியான கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கிறது. பெயரின் இரு பகுதிகளும் இரு காலங்களைக் காட்டுகின்றன. சதுர்வேதிமங்கலம் என்பது சோழர் காலத்தில் அந்தணர்க்கு அளித்தபோது இட்ட புதுப்பெயர். அமண்குடி என்பது அதற்கு முன்பே மக்கள் வாயில் வழங்கிய பழம்பெயர். சகரம் அகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறிக்கேற்பச் சமணர் பழந்தமிழில் அமணர் ஆயினர். ஆகவே அமண்குடி என்பது அமணர் வாழ்ந்த குடி. சேனாபதியோ வேதியர் மரபினன். அவன் தன் ஊரைச் சொல்லும்போது பழம்பெயரை மறைக்கவில்லை. கல்லிலும் அது பொறிக்கப்பட்டது.

கும்பகோணத்தை அடுத்த அம்மன்குடியே அவ்வூர் என்பர் ஆய்வாளர். இன்று அங்குள்ள துர்க்கை சந்நிதி புகழ்பெற்றது. ஊர்ப்பெயர்க்கு அதுவே காரணம் என்று அங்குள்ளோர் நம்புவதில் வியப்பில்லை. மகரம் ஒன்று இரட்டித்து, மூன்று சுழி ணகரம் இரண்டு சுழி னகரமாயிற்று. அவ்வளவே மாற்றம், அதற்குள் ஒரு சமூகத்தின் சுவடு மறைந்துவிட்டது. இதே 'அமணம்' வேறோரிடத்தில் மகரம் இரட்டித்து 'அம்மணம்' என்ற சொல்லாயிற்று என்றும் கருதுவர். திகம்பர முனிவரின் துறவுக்கோலம் ஆடையின்மையைக் குறிக்கும் எளிய சொல்லாகத் தேய்ந்தது. ஓரிடத்தில் நம் பெயர் தேவியாயிற்று, மற்றோரிடத்தில் நாணத்துக்குரியதாயிற்று. இரண்டிலும் நம்மைக் காணோம்.

அம்மன்குடி மக்களிடம் ஊர்ப்பெயரை மாற்றுங்கள் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஊரில் வாழ்வோர் வழங்கும் பெயரே ஊரின் பெயர். நம் கையில் உள்ளது நம் எழுத்து மட்டும். குடும்ப விவரம் தொகுக்கும்போதும், அழைப்பிதழ் அச்சிடும்போதும், இம்மலருக்குக் கட்டுரை எழுதும்போதும் ஊரை முதலில் தமிழில், வட்டத்தின் பெயரோடு எழுதி, அதன்பின் உரோமனில் எழுதலாம். அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரைப் பாட்டனார், பாட்டியார் குரலிலேயே ஒருமுறை ஒலிப்பதிவு செய்து அனுப்பலாம். கைப்பேசிகள் அதற்கும் பயன்படட்டும். கும்பகோணத்துக்கு யாத்திரை வரும் சிராவகர், சந்திரப்பிரபர் ஆலயத்தை வணங்கிய பின் அம்மன்குடிக்கும் ஒருமுறை சென்று, தஞ்சையில் திருச்சுற்று மாளிகை எடுத்த சேனாபதியின் ஊர் இது என்று உடன்வரும் இளையோர்க்குச் சொல்லலாம். பயணக் குறிப்பேட்டில் அந்நாளைப் பதியும்போது அம்மன்குடி என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மூன்று சுழி ணகரத்தோடு அமண்குடி என்றும் எழுதிவைக்கலாம்.