சரக்கு ரயிலில் தொடங்கிய பயணம்

ஆண்களின் வேலை என்று ஒதுக்கப்பட்ட துறைகளில் சாதித்த பெண்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் விமானி, விண்வெளி வீராங்கனை என்று உயரப் பறந்தவர்களைத்தான் உடனே உதாரணம் காட்டுவோம். தரையில், தண்டவாளத்தின் மீதே 36 ஆண்டுகள் உழைத்த சுரேகா யாதவின் பெயர் அவ்வளவு சீக்கிரம் நினைவுக்கு வருவதில்லை. தாத்தா காலத்திலிருந்து ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அந்தக் குடும்பங்களிலும் எஞ்சின் ஓட்டிய பாட்டியைப் பற்றி யாரும் கதை சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம்.

மகாராஷ்டிர மாநிலத்தின் மேற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் சத்தாரா. ஒரு காலத்தில் மராட்டிய அரசின் தலைநகரம். பிறகு சாதாரண மாவட்டத் தலைநகர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1965ஆம் ஆண்டு சுரேகா பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பக்கத்து ஊரான கராட்டில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் மின் பொறியியல் டிப்ளோமா படித்தார். ரயில் ஓட்ட வேண்டும் என்று சிறு வயதிலிருந்து கனவு கண்டாரா என்றால் இல்லை. ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ரயில்வே துணை ஓட்டுநர் தேர்வுக்கு விண்ணப்பித்தார், தேறினார். கல்யாணில் ஆறு மாதப் பயிற்சி. அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். 1989இல் முறையாகத் துணை ஓட்டுநர் ஆனார்.

அவர் வேலை பழகியது பயணிகள் ரயிலில் அல்ல. மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய வாடிபந்தரிலிருந்து கல்யாணுக்குப் போகும் சரக்கு ரயிலில்தான் அவருடைய முதல் பயணம். எஞ்சினின் அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்லுவார். வேலைக்கு நேரம் காலம் கிடையாது. சரக்கு ரயில் எப்போது புறப்படும், எங்கே நிறுத்தி வைக்கப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இதைச் செய்தார். 1996இல்தான் சரக்கு ரயிலின் ஓட்டுநராக உயர்ந்தார். ஏழு ஆண்டுகள்! இந்தக் காலத்தைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகம் எழுதியதில்லை.

எழுதியது பிறகுதான். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, மும்பையில் மகளிர் சிறப்பு ரயில் விடப்பட்டது. அதை ஓட்ட சுரேகா அழைக்கப்பட்டார். 2011 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, புனேயிலிருந்து மும்பைக்கு 'டெக்கான் குவீன்' ரயிலை ஓட்டினார். மாலை, கேமரா, பேட்டி எல்லாம் இந்த நாட்களுக்குக் கிடைத்தன. 'ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அது சரியல்ல. சீனாவில் டியன் குய்யிங் என்ற பெண் 1950லேயே ரயில் எஞ்சின் ஓட்டிவிட்டார். அவர் ஓட்டிய நாளும் மார்ச் 8 என்பதைக் கவனியுங்கள். சுரேகா இந்தியாவில் முதல்வர்; அதுவே போதும், கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

டெக்கான் குவீன் பயணத்தில் பெரிய விஷயம் தேதியல்ல, பாதை. 1863இல் திறக்கப்பட்ட போர் காட் மலைப்பாதை அது. லோனாவாலாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையே 37 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏறவோ இறங்கவோ வேண்டிய சரிவு. ஏறும் ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளத் துணை எஞ்சின்கள் வேண்டும். இறங்குவதுதான் இன்னும் ஆபத்து. பிரேக் பிடிக்காமல் ஓடும் வண்டியைத் திருப்பிவிடுவதற்கென்றே மலையில் தனித் தண்டவாளங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மலைப்பாதையில் ஓட்டத் தனிப் பயிற்சி உண்டு. சுரேகா அதை முடித்தது 2010இல்; அதன் பிறகே விரைவு ரயில்கள் அவர் கைக்கு வந்தன. மகளிர் தினத்துக்காக யாரும் அந்தச் சரிவைக் குறைத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் குறைத்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. அந்நாட்களில் இந்திய ரயில் எஞ்சின்களில் கழிப்பறை இருக்கவில்லை. ஆண் ஓட்டுநர்களுக்கும் அது சிரமம்தான். அவர்கள் ரயில் நிற்கும் இடத்தில் இறங்கிச் சமாளித்தார்கள். பெண் என்ன செய்வார்? பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதா? கழிப்பறையுடன் கூடிய முதல் எஞ்சினை இந்திய ரயில்வே 2016இல்தான் ஓடவிட்டது. சுரேகா வேலையில் சேர்ந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்வதற்கும், அவர் வேலை செய்யும் இடத்தை அவருக்கு ஏற்றதாக ஆக்குவதற்கும் இடையே இத்தனை நீண்ட இடைவெளி. முதல் விஷயத்துக்கு விழா எடுத்தவர்கள் இரண்டாவதை ஏன் மறந்தார்கள் என்ற கேள்வியை மும்பையில் மட்டும் கேட்டால் போதாது.

2014இல் இந்தியாவில் பெண் ரயில் ஓட்டுநர்கள் 400 பேர்கூட இல்லை. பத்தே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 2,000ஐ எட்டியது. அவர்களில் பலர் சரக்கு ரயிலில் தொடங்கியவர்களே.

2023 மார்ச் 13ஆம் தேதி சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு 'வந்தே பாரத்' ரயிலை ஓட்டி, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே சுரேகா கொண்டுவந்து சேர்த்தார். 2025 செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெற்றார். அதற்குச் சில நாள் முன்பு, டெல்லியிலிருந்து வந்த ராஜதானி விரைவு ரயிலை இகத்புரியில் ஏற்றுக்கொண்டு மும்பை வரை ஓட்டியதுதான் அவருடைய கடைசிப் பயணம். இகத்புரியைத் தாண்டியதும் பாதை மறுபடியும் மலையிலிருந்து இறங்கத் தொடங்கும். அங்கேயும் 37க்கு ஒன்று என்ற அதே சரிவுதான்.