நேர்ச்சைக்கு ஆள் வைப்பதில்லை

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் மூன்றும் சென்னையோடு ஒட்டுவதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரை ஊர்கள். அந்தத் தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசி நாளில் படுகளமும் தீமிதியும். வேஷம் கட்ட வெளியாளா உள்ளூராளா என்ற கேள்விக்கு அந்த வழக்கம் தந்த விடை எனக்கு மிகச் சரியாகவே படுகிறது. கூத்துக்குத் தாம்பூலம் வைத்து, தொழில்முறைக் கூத்துக் குழுவான ஜமாவை அழைத்தார்கள். தீயில் இறங்கியவர்களோ காப்புக் கட்டி விரதமிருந்த ஊரார். கலைக்குக் கூலி கொடுக்கலாம், நேர்ச்சைக்கு ஆள் வைக்க முடியாது.

உள்ளூரில் நடிக்கத் தெரிந்தவர் இல்லாததால்தான் ஜமாவை அழைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வாத்தியாரை வரவழைத்து, மாதக்கணக்கில் பாடம் கேட்டு, ஊர் இளைஞர்களே ஒரு கூத்தை அரங்கேற்றுவதும் இப்பகுதியில் இருந்ததுதான். ஆனால் ஒரு நாள் அரங்கேற்றம் வேறு, பாரதத்தின் தொடர் இரவுகள் வேறு. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு, முகவீணையின் உச்ச சுருதிக்கு விடியும்வரை பாடிச் சுழன்றாட, அதையே பிழைப்பாகக் கொண்ட உடம்பும் தொண்டையும் வேண்டும். கூலிக்கு ஆடுபவனுக்குப் பக்தி ஏது என்பார்கள். அர்ச்சுனன் தபசில் உயர்ந்த கம்பத்தின் உச்சிக்கு ஏறும் நடிகன் கூலி வாங்குபவன்தான். அவன் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருக்கிறார்கள். அவர்கள் அவனிடம் சம்பளக் கணக்கு கேட்பதில்லை.

இதே காலத்தில் பட்டணம் வேறு கோடு போட்டது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த உறுப்பினர்களே நடித்தார்கள். நாடகத்துக்குக் கௌரவம் தேடித் தந்த பெருமை அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் தொழில்முறை நடிகரைத் தள்ளி நிறுத்தியே அந்தக் கௌரவம் வந்தது. பெண் வேஷத்தையும் ரங்கவடிவேலு போன்ற ஆண் உறுப்பினர்களே கட்டினார்கள். ஊரின் கோடும் குற்றமற்றதல்ல. கூத்தாடுவதைச் சில குடும்பங்களின் சாதிக் கடமையாக்கி, கூத்தாடி என்ற சொல்லையே வசவாக்கிய சமூகம் அது. அந்த அநீதியைக் கழித்த பிறகும், கூலியை இழிவாகக் கருதாத அதன் பங்கீடு பட்டணத்துக் கோட்டைவிட மேல்.

ஊர்களுக்கு ஆலை வேலை வந்த பிறகும் அந்தப் பங்கீடே பொருந்தியது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது, அதே பத்தாண்டில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதக்கணக்கில் வாத்தியார் முன் உட்கார முடியாது; லீவு போட்டுக் காப்புக் கட்ட முடியும்.