மகமையும் அடைக்கலமும்: செட்டிநாட்டு வழிபாட்டில் முழுச் சரணாகதி

செட்டிநாட்டு வணிகரின் பேரேட்டில், கடன் கொடுத்தவர் வாங்கியவர் பெயர்களோடு தெய்வத்தின் பெயரிலும் ஒரு பற்று வரவு இருந்தது. தொழிலில் புழங்கும் பணத்திலிருந்து ஒரு சிறு பங்கு மகமை என்று பிரிக்கப்பட்டு அந்தக் கணக்கில் ஏறும். வரும்படி பெருகிய ஆண்டிலும் சுருங்கிய ஆண்டிலும் அதற்கேற்ற அளவில் எடுத்து வைக்க வேண்டும். முதலாளியின் மனம் அன்று பக்தியில் நனைந்திருந்ததா, வறண்டிருந்ததா என்று கணக்குப்பிள்ளை கேட்பதில்லை. இடர் வந்தபோது மட்டும் இறைவனை நாடுவதற்கும் எந்நாளும் அவனிடமே இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வோர், பெரும்பாலும் உள்ளத்தின் நிலைகளைப் பற்றியே பேசுகிறார்கள். நகரத்தார் எனப்படும் இந்த வணிகர்கள், இறைவனை நினைக்கும் பொறுப்பை உள்ளத்திடம் மட்டும் விட்டுவிடவில்லை. நினைவு தவறக்கூடியது என்று அறிந்து அதைக் கணக்கில் கட்டி வைத்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதை முழு அடைக்கலம் என்று ஏற்க என்னால் இயலவில்லை. ஏன் மதிக்கிறேன், ஏன் ஏற்கவில்லை என்பதே இக்கட்டுரை.

முதலில் நேர்த்திக்கடனைப் பார்க்க வேண்டும். காரைக்குடிக் கொப்புடையம்மன் சந்நிதியிலும் குன்றக்குடி மலைப்படிகளிலும் ஒவ்வொரு நாளும் நிகழ்வது அது. பிள்ளைக்குக் காய்ச்சல், பெண்ணுக்கு வரன், கோர்ட்டில் வழக்கு. தீர்த்து வைத்தால் இதைச் செய்கிறேன் என்று ஒரு சொல் கொடுக்கப்படுகிறது. தீர்ந்ததும் சொன்னது செய்யப்படுகிறது. அத்துடன் உறவு ஒருவாறு நிறைவடைந்துவிடுகிறது. சமய நூல்களைக் கற்றவர்கள் இதைத் தாழ்வாகப் பேசுவது வழக்கம். அது சரியல்ல. கீதையின் ஏழாம் அத்தியாயம் இறைவனை நாடுவோரை நால்வகையாக்கும்போது, துன்பத்தால் வருபவனை முதலில் வைக்கிறது. பொருள் வேண்டி வருபவனையும் தள்ளவில்லை. ஞானியை உயர்த்திச் சொன்ன பிறகும், நால்வரும் நல்லவர்களே என்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் இதை ஒரு வாழ்க்கையாகவே காட்டுகிறது. சமணத்தில் தருமசேனராகப் பெருமையோடு இருந்த மருணீக்கியாரைத் திருவதிகைக்கு அழைத்து வந்தது தத்துவ ஆராய்ச்சியல்ல, சூலை நோய். தாங்க முடியாத வயிற்று வலியில் தமக்கை திலகவதியாரிடம் வந்து, அங்கிருந்து கோயிலுக்குள் சென்றவர்தான் திருநாவுக்கரசர். துன்பத்தில் தொடங்கிய பக்தி தாழ்ந்த பக்தி என்றால் நமக்கு அப்பரே இல்லை.

சேக்கிழார் அந்தக் கதையைச் சூலை தீர்ந்த இடத்தில் நிறுத்தவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வலி போன பிறகு பல்லாண்டுகள் உழவாரத்தோடு ஊர் ஊராகப் போகிறார் நாவுக்கரசர். முதுமையில் திருப்புகலூரில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும்போது பொன்னும் மணியும் கிடக்கின்றன. அவற்றையும் கற்களோடு வாரிக் குளத்தில் எறிகிறார். திருவதிகையில் வலி அவரைக் கொண்டு வந்தது. திருப்புகலூரில் அவரைப் பிடித்து வைக்க எந்த வலியும் இல்லை. நோயாளி கோயிலுக்கு வருவது இயல்பு. நோய் தீர்ந்தவன் அங்கேயே தங்கிவிடுவதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

மகமையின் பெருமை இங்கேதான் தெரிகிறது. நோய் தீர்ந்தவனை, கடை செழித்தவனைத் தெய்வத்தோடு பிணைத்து வைக்க ஒரு வழியை அது கண்டது. பழனிச் செப்பேடுகள் இதன் பழைய வடிவைச் சொல்கின்றன: நேமத்திலிருந்து உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பக்கம் போன குமரப்பன், தன் வணிகத்தில் முருகனுக்கு ஒரு பங்கு வைத்தான். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக இன்றும் பழனிக்கு நடக்கின்றன. அந்த நடையின் தொடக்கமும் இந்த வணிக உறவோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கடல் கடந்தபோதும் முருகன் கூடவே போனான். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் தொடங்கி, பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த ஊர்களில் எல்லாம் கோயில் வந்தது. அங்கே வழிபாடு நடந்தது, வட்டி விகிதம் பேசப்பட்டது, வழக்குகள் தீர்க்கப்பட்டன. ஊரிலோ புள்ளி வரி. மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. ஏழையும் செல்வனும் அதில் ஒரே தொகை கொடுத்தார்கள். செல்வத்துக்கேற்ற ஆஸ்தி வரி தனி. இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை ஒன்பது நகரக் கோயில்களும் இந்த ஒழுங்கின் மேல் நின்றன. காசியிலும் இதே முறைதான். விசுவநாதருக்குரிய பூசைப் பொருள்கள் நகரச் சத்திரத்திலிருந்து நாள்தோறும் 'சம்போ' என்ற முழக்கத்தோடு தெருவில் போகின்றன. அனுப்புகிறவர்களின் ஊரில் அன்று கல்யாணமா, சாவா என்று அந்த ஊர்வலம் காத்திருப்பதில்லை.

டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல், நகரத்தாரின் கோயில் கொடையையும் வணிக மூலதனத்தையும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே அமைப்பாகக் காட்டியது. கொடை நம்பகத்தை வளர்த்தது, நம்பகம் கடனை ஈர்த்தது, கோயில் பணமும் தொழிலில் புழங்கியது என்பது அவர் வாதத்தின் சாரம். சான்றுகள் வலுவானவை, அவற்றை மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இதைப் படித்தவர்கள் சிலர் ஒரு படி மேலே போய், பக்தி என்பது வணிகத்தின் முகமூடி என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த முடிவு சான்றில் இல்லை. ஒரு வழக்கம் பயன் தருகிறது என்பதால் அதைக் கைக்கொண்டவர் பயனுக்காக மட்டுமே கைக்கொண்டார் என்று ஆகாது. நம்பகம் மட்டுமே வேண்டுமென்றால் அதற்குச் செலவு குறைந்த வழிகள் வணிகர்களுக்கு எப்போதும் உண்டு. நாள்தோறும் காசியில் பூசை நடத்துவது அவற்றில் ஒன்றல்ல.

என் தடை வேறு. மகமையில் தெய்வத்துக்கு ஒரு பங்கு உண்டு. மீதிப் பங்கு யாருடையது?

பர்மா இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி நம் முன் வைக்கிறது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. அடமானம் வைத்த உழவர்களால் கடனைத் தீர்க்க முடியவில்லை. 1937க்குள் அந்த 6 விழுக்காடு 25 விழுக்காடானது. நகரத்தார் பலர் நிலத்தைத் தேடிப் போகவில்லை, பணமாகத் திரும்ப வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்பது உண்மை. உழவன் நிலம் இழந்தான் என்பதும் உண்மை. அந்த ஆண்டுகளிலும் மகமைக் கணக்கு நடந்தது, தெண்டாயுதபாணிக்குப் பூசை நடந்தது. தெய்வத்துக்குப் பேரேட்டில் இடம் இருந்தது. பேரேட்டைத் தணிக்கை செய்யும் உரிமை அதற்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு வரியைத் தெய்வத்துக்கு எழுதிவிட்டால் மற்ற வரிகள் நம்முடையவை என்ற எண்ணத்தை, எழுதியவர் அறியாமலே, அந்த ஒரு வரி வளர்த்துவிடும். பிறகு 1942 வந்தது. ஜப்பானியர் படை முன்னேற, பலர் எல்லாவற்றையும் விட்டுக் கால்நடையாக இந்தியா திரும்பினார்கள். 1948இன் நில தேசியமயச் சட்டம் மிச்சத்தையும் முடித்து வைத்தது. இழப்பைத் தண்டனை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது உழவனையும் வணிகனையும் சேர்த்து அழித்த போர். ஆனால் ஒரு பங்கு கொடுத்தவர்களின் முழு உடைமையும் போன அந்தக் கட்டத்தில், பங்கு கொடுப்பதும் தன்னையே கொடுப்பதும் வேறு என்பது தெரிந்தது.

தன்னையே கொடுப்பது எப்படியிருக்கும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருப்பத்தூருக்கு அருகே உள்ள திருக்கோட்டியூர் போதும். திருவரங்கத்திலிருந்து இராமானுசர் பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருளைப் பெற்றார் என்பது வைணவ மரபு. யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்பது நிபந்தனை. அவர் கோபுரத்தில் ஏறி அனைவருக்கும் சொன்னார். நான் ஒருவன் நரகம் போனாலும் கேட்ட இவர்கள் உய்வார்கள் என்றார். இக்கதையைச் சமூக நீதியின் கதையாகச் சொல்வது இன்று வழக்கம், அது தவறில்லை. சரணாகதியின் கதையாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பேன். அப்போது அவர் துன்பத்தில் இல்லை. தேடியதை அடைந்த நாள் அது. கைக்கு வந்த மிகப் பெரிய செல்வத்தை, தன் முத்தியையும் சேர்த்து, தனதென்று வைத்துக்கொள்ள மறுத்தார். ஒரு பங்கு கொடுத்து மீதியைக் காத்துக்கொள்ளும் முறைக்கு நேர் எதிரானது இது.

அவருக்குப் பின் வந்த வைணவ ஆசாரியர்கள் இதைக் கோட்பாடாக விரித்தார்கள். வேதாந்த தேசிகர் சரணாகதிக்கு ஐந்து துணை உறுப்புகளை வகுத்து, முயற்சிக்கும் இடம் கொடுத்தார். பிள்ளை லோகாசாரியர் மரபு, குட்டியைத் தாய்ப்பூனை கவ்வுவது போல் இறைவன் தானே கொள்கிறான் என்றது. அந்தப் பெரிய விவாதத்துக்குள் இங்கே நுழையப் போவதில்லை. நம் பொருளுக்கு வேண்டிய நுட்பம் வேறொன்று. சரணடைந்தவர்களை அவர்கள் இரு வகையாக்கினார்கள். இந்த உடல் விழும்போது முத்தி கிடைத்தால் போதும் என்றிருப்பவன் திருப்தன். ஒரு கணமும் பிரிவைத் தாங்காமல் உடனே வேண்டும் என்று துடிப்பவன் ஆர்த்தன். துன்பம் இங்கே ஒழிக்கப்படவில்லை. அதன் பொருள் மாறியிருக்கிறது. கடன், நோய், வழக்கு ஆகியவற்றால் வரும் துன்பம் தீர்ந்தால் இறைவனும் மறந்துபோகலாம். பிரிவால் வரும் துன்பமோ செல்வம் கொழிக்கும் நாளிலும் தீராது. இடருக்கு மட்டும் வரும் பக்திக்கு மருந்தாக அவர்கள் சொன்னது இடரை மறப்பதை அல்ல, அதைவிட ஆழமான ஒரு குறையை உணர்வதை.

சைவத்தில் இதற்கு இணையாக மாணிக்கவாசகர் நிற்கிறார். அவர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில், செட்டிநாட்டுக்குப் பக்கத்து நிலம். பாண்டியனின் அமைச்சர், பதவியின் உச்சியில் இருந்தவர், குதிரை வாங்கக் கொண்டு போன பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டார். திருவாசகத்தில் அடைக்கலத்துக்கென்றே ஒரு பதிகம் தந்தவரும் அவரே. ஆனால் அந்தப் பொன் அரசனுடையது. பிறர் பொருளைக் கொண்டு இறைவனுக்குக் கோயில் எழுப்பலாமா என்ற கேள்வியைப் புராணம் திருவிளையாடலாக்கிக் கடந்துவிடுகிறது. வட்டித் தொழிலிலிருந்து எழுந்த கோயில்களைப் பற்றிப் பேசும்போது நாம் அப்படிக் கடந்துவிடக்கூடாது. தன்னுடையதைக் கொடுப்பதற்கு முன், எது தன்னுடையது என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் இடமும் நகரத்தாரிடையே இருந்தது. காரைக்குடியை அடுத்த கோவிலூரில் முத்துராமலிங்க ஆண்டவர் நிறுவிய வேதாந்த மடம், கைவல்ய நவநீதம் உள்ளிட்ட பதினாறு நூல்களை வரிசையாகப் பாடம் சொன்னது. கணக்கு எழுதும் மரபில் வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து 'நான்', 'எனது' என்பவை எவை என்று விசாரித்தார்கள். மகமைக்கும் இந்த விசாரணைக்கும் ஒரே சமூகம் இடம் கொடுத்தது வியப்புக்குரியது. பட்டினத்தாரைத் தம்மவர் என்று கொண்டாடும் நகரத்தார் மரபிலும் இதே இழுப்பு இருக்கிறது. காதற்ற ஊசியைக் கண்டு கப்பல் வணிகத்தை விட்டுப் போனவரைக் கப்பல் வணிகர்களே போற்றினார்கள். எனினும் கோவிலூர் விசாரணை பெரும்பாலும் மடத்தின் திண்ணையிலேயே நின்றது. வட்டிக்கடை நடந்த கிட்டங்கியில் அடமானப் பத்திரம் எழுதும் மேசை வரை அது போனதற்கு அடையாளம் குறைவு.

அந்தத் தூரத்தைக் கடக்க முயன்றவராக நான் காண்பது குன்றக்குடி அடிகளாரை (1925-1995). திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைவர், சண்முகநாதர் மலைக்கு அடியில் வாழ்ந்தவர், காவடிகள் புறப்படும் ஊருக்கு உரியவர். அவர் ஊரின் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தையும் திட்டமாக வகுத்தார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் அறிவியலைக் கிராமத்துக்குக் கொண்டு வந்து சிறு தொழில்கள் தொடங்கச் செய்தார். அந்த நிலையமே அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறக்கப்பட்டது. இறைவனுக்கு எவ்வளவு போகிறது என்பதோடு நிற்காமல், மக்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள், யார் பசியோடு இருக்கிறார்கள் என்பதையும் மடத்தின் வழிபாட்டுக் கவலையாக்கினார் அவர். தெய்வத்தின் பங்குக்கு வெளியே மிச்சமிருந்த எல்லாவற்றையும் சந்நிதிக்குள் கொண்டுவரும் முயற்சி அது. சரணாகதி பற்றிய நம் ஆய்வு நூல்களில் அடிகளாருக்கு இடம் கிடைப்பதில்லை. அவரைச் சமூகத் தொண்டர் என்ற தலைப்பில் தனியே வைத்துவிடுகிறார்கள். ஆதீனத்தின் பூசையையும் கிராமத் திட்டத்தையும் அவர் இரண்டு வேலைகளாகச் செய்யவில்லை. ஆய்வாளர்கள்தாம் பிரித்தார்கள், அந்தப் பிரிப்பு தவறு.