உணவுவழி உடற்பருமனும் இரத்தக்குழாய்களும்: ஆய்வு வரலாறு

உணவுவழி உடற்பருமன் என்பது, உடல் செலவிடுவதைவிடக் கூடுதலான ஆற்றலை உணவின் மூலம் தொடர்ந்து பெறுவதால் கொழுப்பு மிகுதியாகச் சேரும் நிலையாகும். இந்நிலையில் இரத்தக்குழாய்கள் தேவைக்கேற்ப விரியும் திறன் குறைகிறது. குழாயில் அடைப்பு தோன்றும் முன்பே இக்குறைபாடு தொடங்கிவிடும் என்பது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவானது.

தொடக்க கால ஆய்வுகள்

1913இல் உருசிய நோயியலாளர் நிக்கொலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் மிகுந்த உணவளித்து அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1947இல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக், கொழுப்பு உடலில் எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம் என்றார். உடலின் மேற்பகுதியில் சேரும் கொழுப்பை நீரிழிவு, தமனித் தடிப்பு ஆகியவற்றோடு அவர் தொடர்புபடுத்தினார். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உடற்பருமன் இதயநோய்க்குத் தனித்த காரணி என்று 1983இல் அறிவித்தது. ஆனால் பருமன் குழாயை எவ்வாறு கெடுக்கிறது என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

உட்படலத்தின் பங்கு

குழாயின் உட்புறத்தை மூடியுள்ள ஒற்றை அடுக்குச் செல்படலம் எண்டோதீலியம். இது வெறும் உறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் இராபர்ட் ஃபர்ச்காட், ஜான் சவாட்ஸ்கி இருவரும் முயலின் தமனித் துண்டுகளை ஆராய்ந்தனர். உட்படலம் சிதையாத துண்டுகள் அசிட்டைல்கோலின் பட்டதும் தளர்ந்தன. படலம் தேய்த்து நீக்கப்பட்டவை தளரவில்லை. படலம் வெளியிடும் ஏதோ ஒரு பொருளே தசையைத் தளர்த்துகிறது என்று அவர்கள் முடிவு செய்தனர். அது நைட்ரிக் ஆக்சைடு என்பது 1987இல் உறுதியானது. இத்துறை ஆய்வுகளுக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோர் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

பருமன் செய்யும் கேடு

1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பருமனானவர்களின் கால் இரத்தக்குழாய்கள் ஒல்லியானவர்களின் குழாய்கள் அளவுக்கு விரியவில்லை என்று காட்டியது. இதற்குக் காரணங்கள் பல. இன்சுலின் இயல்பாக நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்டும். இன்சுலின் எதிர்ப்பு ஏற்பட்டால் அத்தூண்டல் குன்றும். கொழுப்புத் திசுவில் எழும் அழற்சியால் பெருகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள், உற்பத்தியான நைட்ரிக் ஆக்சைடையும் அழிக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பு இயல்பு நிலையில் குழாய் தளர உதவும்; பருமனில் அவ்வுதவியும் குறைகிறது.

மீட்சி

தடித்துக் கெட்டியான தமனியைச் சீராக்குவது கடினம். விரியும் திறனில் ஏற்படும் குறைவோ, தொடக்க நிலையில் பெரிதும் சரிசெய்யக்கூடியது. உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் எடை குறையும்போது பலருக்கு இத்திறன் மேம்படுகிறது. எனவே அடைப்பு வரும்வரை காத்திராமல் முன்னரே தடுப்பதற்கு இவ்வாய்வுகள் அடிப்படை அமைத்தன.